ரெனால்ட்ஸ் 531 ஃபிரேம்: கழற்றியதிலிருந்து பெட்டி கட்டியது வரை

ஒருவழியாக என்னுடைய சைக்கிள் ஃபிரேம், ரெனால்ட்ஸ் கம்பெனியின் 531 என்ற ரக ஸ்டீல் குழாயில் செய்தது, விற்றுக் கைமாறிவிட்டது. எனக்கு ஒரு அளவு பெரியது, எட்டி எட்டியே ஹேண்டில்பாரைப் பிடிக்க வேண்டியிருந்தது, கழுத்து வலியும் விடவில்லை. மற்றபடி ஓட்டத்தில் ஒரு குறை சொல்ல முடியாது, அவ்வளவு பிடித்த ஃபிரேம். முழு சைக்கிளாகக் கொடுக்கலாமா என்று யோசித்தேன், ஆனால் சக்கரமும் கிராங்கும் (பெடல் மாட்டும் கை) அடுத்த ஃபிரேமுக்கு வேண்டும் என்பதால் ஃபிரேம், முன்சக்கரத்தைப் பிடிக்கும் ஃபோர்க், அது திரும்ப உதவும் பேரிங்கான ஹெட்செட் மட்டும் என்று முடிவு செய்தேன்.

கழற்றும்போது அதிக நேரம் பிடித்தது சீட்டைத் தாங்கும் கம்பியான சீட் போஸ்ட்தான். போஸ்ட் அலுமினியம், அது இறங்குகிற சீட் ட்யூப் ஸ்டீல், நடுவில் வியர்வையும் மழைத்தண்ணீரும் இறங்கினால் போதும், அரித்துக்கொண்டு இரண்டும் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும். கிளாம்ப் போல்ட்டை முழுதாக எடுத்துவிட்டு, மேலிருந்து எண்ணெய் விட்டு, அப்புறம் பாட்டம் பிராக்கெட்டை (கிராங்க் அச்சு சுற்றும் பேரிங்) கழற்றிய பிறகு ஃபிரேமைத் தலைகீழாக நிறுத்தி அந்த வழியாகவும் விட்டு, ராத்திரி முழுக்க ஊறவைத்தேன். காலையில் பழைய சீட்டையே பிடியாக வைத்து இடமும் வலமும் திருகத் திருக, கிறீச்சென்று ஒரு சத்தம், போஸ்ட்டைச் சுற்றி வெள்ளையாகத் தூள், மெதுவாக ஏறி வந்தது. விளம்பரம் போடுவதற்கு முன்னால் இதைச் செய்துவிட வேண்டும். போஸ்ட் சிக்கிய ஃபிரேமை வாங்குகிறவர் அந்தத் தலைவலியையும் சேர்த்துத்தான் வாங்குகிறார்.

வெளியே வந்த போஸ்ட்டை வெர்னியரில் வைத்தால் 27.2 மில்லிமீட்டர். சீட் ட்யூபின் வெளிவிட்டம் 28.6. கழித்துப் பாதியாக்கினால் 0.7, அதிலும் போஸ்ட் ஏறி இறங்க விட்ட இடைவெளி போனால் குழாயின் கனம் இன்னும் குறைவு. அதாவது மெல்லிய, நல்ல ரகக் குழாய். 26 சொச்சம் வந்திருந்தால் கனமான குழாய் என்று அர்த்தம். ஸ்டிக்கர் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்று கேட்கலாம். 1935-இல் வந்த 531-க்கு இன்றும் அத்தனை மவுசு, ஆனால் மூன்று முக்கியக் குழாய்கள் மட்டும் 531 ஆக இருக்கிற ஃபிரேம்களுக்கும் ஸ்டிக்கர் உண்டு. ஸ்டிக்கரில் உள்ள வரியை முழுதாகப் படம் எடுத்து, பக்கத்திலேயே போஸ்ட் அளவையும் போட்டேன், தெரிந்தவர்களுக்கு அதுவே போதும்.

பாட்டம் பிராக்கெட்டில் வலது கப் (பேரிங்கைத் தாங்கும், மரையுள்ள கிண்ணம்) எதிர்ப்பக்கமாகச் சுற்றினால்தான் கழன்றது, அது உட்காரும் குறுக்குக் குழாயின் அகலம் 68, ஆக இங்கிலீஷ் மரை. இத்தாலிய மரை என்றால் அகலம் 70, இரண்டு கப்பும் ஒரே பக்கமாகச் சுற்றும். பின்பக்க டிராப் அவுட் (சக்கர அச்சு உட்காரும் பள்ளம்) இரண்டுக்கும் நடுவே இடைவெளி 126, அது ஆறேழு கியர் காலத்து அளவு. ஸ்டீல் என்பதால் பின்னால் வந்த ஹப்புகளின் அளவான 130-க்கு விரித்துக்கொள்ளலாம்தான், ஆனாலும் அதை வாங்குகிறவரிடமே விட்டுவிட்டு இருக்கிற அளவை அப்படியே எழுதினேன்.

நேராக இருக்கிறதா என்று பார்க்க ஒரு நூல் போதும். ஒரு டிராப் அவுட்டில் கட்டி, முன்னால் ஃபோர்க் நுழையும் ஹெட் ட்யூபைச் சுற்றிக்கொண்டு வந்து மறு டிராப் அவுட்டில் இழுத்துக் கட்டி, சீட் ட்யூபிலிருந்து நூல் எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று இரண்டு பக்கமும் அளக்க வேண்டும். இரண்டும் ஒன்றாகவே வந்தன, உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. அதைவிட முக்கியம் ஹெட் ட்யூபுக்குச் சற்றுப் பின்னால், அங்கிருந்து பாட்டம் பிராக்கெட்டுக்கு இறங்கும் டவுன் ட்யூபின் அடிப்பக்கம். முன்னால் எதிலாவது மோதிய ஃபிரேம் அங்கேதான் லேசாகப் புடைத்திருக்கும், பெயின்ட் மேல் கண்ணுக்குத் தெரியாது. டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து, விரல் நுனியால் தடவிப் பார்த்தால் தெரிந்துவிடும். என்னுடையதில் எதுவும் இல்லை. டாப் ட்யூபில் மட்டும் ஹேண்டில்பார் திரும்பி அடித்த சின்ன நசுங்கல் ஒன்று, பாட்டம் பிராக்கெட்டிலிருந்து பின்சக்கரத்துக்குப் போகும் செயின் ஸ்டேயில் பெயின்ட் போன இடத்தில் மேலோட்டமாகத் துரு. நசுங்கலுக்குப் பக்கத்தில் ஒரு நாணயத்தை வைத்துப் படம் எடுத்து, அதையே முதல் படங்களில் ஒன்றாகப் போட்டேன்.

அப்புறம் விசாரணைகள். கடைசி விலை என்ன என்று கேட்டவர்கள்தான் அதிகம், அவர்களுக்குச் சொல்ல ஒன்றுமில்லை. ஒரே ஒரு நண்பர்தான் எடுத்த எடுப்பிலேயே பிரேக் ஓட்டையிலிருந்து ரிம் வரை எவ்வளவு, 700சி (ரோடு சைக்கிளின் வழக்கமான அளவு) சக்கரம் போட்டு அளந்து சொல்ல முடியுமா என்று கேட்டார். சட்டென்று மனதுக்குப் பிடித்துவிட்டது, ஏனென்றால் அவர் மனதில் இந்த ஃபிரேம் அப்போதே முழு சைக்கிளாகிவிட்டிருந்தது. சக்கரத்தைப் பூட்டி அளந்தேன், 50-க்கு மேல் வந்தது. சாதாரண ரோடு பிரேக் 39-லிருந்து 49 வரைதான் எட்டும், 47-லிருந்து 57 வரை எட்டும் நீளக்கை பிரேக் வேண்டும் என்று சொன்னேன். ஃபோர்க்கின் இரண்டு கால்களும் சேரும் கிரீடத்தில் பிரேக்குக்கான பின்பக்க ஓட்டை, நட்டு வெளியே நிற்கும் பழைய முறைக்கானது, ஓட்டைக்குள்ளேயே போகும் இப்போதைய உள்நட்டு நுழையாது என்பதையும் சேர்த்தேன். பாட்டம் பிராக்கெட்டுக்கு அடியில் உள்ள சீரியல் நம்பரையும் அவர் கேட்டார், திருட்டுச் சரக்கு இல்லை என்று பார்த்துக்கொள்வதற்காக. கேட்பதுதான் முறை, உடனே படம் எடுத்து அனுப்பினேன். விலையில் இரண்டு பேருமே இழுபறி செய்யவில்லை.

பெட்டி கட்டும்போது கவனமெல்லாம் டிராப் அவுட்டில். வெறுமனே விட்டால், பெட்டிமேல் ஒரு கனமான மூட்டை ஏறினாலே பின்முக்கோணம் நசுங்கிவிடும், நூல் கட்டி அளந்ததெல்லாம் வீண். பழைய ஹப் ஆக்ஸில் ஒன்றை எடுத்து, உள்ளேயும் வெளியேயும் நட்டு போட்டு, சரியாக 126-இல் நிற்கும்படி இறுக்கிவிட்டேன். ஃபோர்க்குக்கும் அதேபோல், 100-இல். குழாய்களுக்கு ஃபோம் உறை, ஹெட்செட் கப்புகளை ஹெட் ட்யூபிலேயே விட்டுவிட்டு, பேரிங் உருளைகளையும் நட்டுகளையும் தனிப் பையில் போட்டு சீட் ட்யூபோடு சேர்த்துக் கட்டினேன். சீட் ட்யூபுக்குள் ஒரு துணியால் துடைத்து லேசாக கிரீஸும் தடவியாயிற்று.

பெட்டி போய்ச் சேர்ந்துவிட்டது, பாட்டம் பிராக்கெட் கப்பைக் கையாலேயே திருகி ஏற்ற முடிந்தது என்று அவர் எழுதியிருக்கிறார். அடுத்து, எனக்குச் சரியான அளவில் ஒரு ஃபிரேம் தேட வேண்டும், 126 ஹப்பை அப்படியே போடுகிற மாதிரி.