பிறைக்கு முன்பே கேட்க வேண்டியிருந்தது

திருச்சியில் ஒரு தன்னாட்சிக் கல்லூரியில் இளநிலை வேதியியல் இறுதியாண்டு படித்துக்கொண்டிருந்தேன். 2024 ஏப்ரல் மாதச் செய்முறைத் தேர்வு அட்டவணையில் என் பதிவெண் 10-ஆம் தேதிக் குழுவில் இருந்தது. அரசு விடுமுறைப் பட்டியலில் ரம்ஜான் 11 என்றே அச்சாகியிருந்ததால் அட்டவணை போட்டவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் நோன்பு மார்ச் 12 அன்று தொடங்கியதால் 29-ஆம் நோன்பு ஏப்ரல் 9 அன்று வந்தது. அன்று மாலை பிறை தென்பட்டால் மறுநாளே பெருநாள். பக்ரீத்துக்கு இந்தத் தொல்லை இல்லை. துல்ஹஜ் மாதப் பிறை தெரிந்த பிறகு பத்தாம் நாள்தான் பெருநாள் என்பதால் அவகாசம் கிடைத்துவிடும்.

"ரம்ஜானை முன்னிட்டு 10-ஆம் தேதி தேர்வெழுத இயலாது" என்று நான் எழுதிக் கொடுத்த முதல் விண்ணப்பத்தைப் படித்த துறைத்தலைவர், மேசை நாட்காட்டியை என் பக்கம் திருப்பி, "லீவு பதினொண்ணுதானேம்மா?" என்றார். அவர் கேட்டதில் தவறில்லை. பிறையைப் பற்றி அந்தத் தாளில் ஒரு வரிகூட இல்லை.

அத்தாவிடம் தொலைபேசியில் பேசியபின் இரண்டாவது விண்ணப்பத்தை வேறு விதமாக எழுதினேன். பிறை தெரிந்தால் 10, தெரியாவிட்டால் 11, தலைமை காஜியின் அறிவிப்பு 9-ஆம் தேதி இரவுதான் வரும், அன்று தெலுங்கு வருடப்பிறப்பு விடுமுறை என்பதால் அலுவலகமும் பூட்டியிருக்கும், ஆகவே முன்கூட்டியே முடிவு தேவை என்று விளக்கி, எங்கள் ஜமாஅத்தின் கடிதத்தையும் இணைத்தேன். மக்களவைத் தேர்தல் 19-ஆம் தேதி என்பதால் ஆசிரியர்கள் பலர் தேர்தல் பணிப் பயிற்சிக்கு அலைந்துகொண்டிருந்தார்கள். அந்த நேரத்தில் எனக்கென்று புதிதாக ஒரு நாளும் புறத்தேர்வாளரும் கேட்பது நடக்காத காரியம். அதனால் 8-ஆம் தேதிக் குழுவில் இருந்த வகுப்புத் தோழி ஒருத்தியிடம் இடம் மாற்றிக்கொள்ளச் சம்மதம் வாங்கி, அவளையும் விண்ணப்பத்தில் கையெழுத்திடச் செய்தேன். தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர் இரண்டே நாளில் ஒப்புதல் தந்தார்.

எட்டாம் தேதி நோன்புடன் ஆய்வகத்துக்குப் போனேன். திரவத்தை அளந்தெடுக்கும் கண்ணாடிக் குழாயான பிப்பெட்டை வாயால் உறிஞ்சுவது எங்கள் ஆய்வகத்தில் பழகிப்போன தவறு என்பதால் ரப்பர் பல்பைக் கேட்டு வாங்க வேண்டியிருந்தது. ஆய்வக உதவியாளர் அலமாரியின் அடியிலிருந்து தேடியெடுத்துத் தூசி தட்டிக் கொடுத்தார்.

ஒன்பதாம் தேதி மாலை தமிழ்நாட்டில் பிறை தென்படவில்லை. எங்களுக்குப் பெருநாள் பட்டியலில் இருந்தபடியே 11 அன்றுதான் வந்தது. ஆனால் கேரளத்தில் பிறை தெரிந்துவிட்டது. விடுதியில் என் அறையில் இருந்த மலப்புறத்துத் தோழி, பட்டியலை நம்பி விண்ணப்பமே கொடுக்காமல் இருந்தவள், 10-ஆம் தேதி காலை முப்பதாவது நோன்புடன் ஆய்வகத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது, வீட்டிலிருந்து வந்த பெருநாள் படங்கள் அவளுடைய அலைபேசியில் நிறைந்துகொண்டிருந்தன.