பழைய எண் தெரிய வேண்டும்

"நாட்டிலெ எஃப்.டி.யுடெ பலிச காணிச்சோ?"

ஆபீஸில் மதியச் சாப்பாட்டின்போது ஒரு திருச்சூர்க்காரர் கேட்டார். பலிச என்ற சொல்லைக் கேட்டதும் முதலில் மனம் குளிர்ந்தது. தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கேரளத்துக் கொழிஞ்சாம்பாறையில் எங்களுக்கு வீட்டுக்குள் வட்டி, பேங்கில் பலிச. இரண்டையும் கேட்டு வளர்ந்தவள் நான். ஓஹியோவில் அந்தச் சொல் காதில் விழுந்து எவ்வளவு காலம் ஆயிற்று! அப்புறம்தான் கேள்வி உறைத்தது: ஊர் பேங்கில் போட்ட வைப்பின் வட்டியை வரிக் கணக்கில் காட்டினாயா? வாயில் இருந்த சோறு இறங்கவில்லை. 2022ஆம் ஆண்டு வரிக் கணக்கில் நான் அதைக் காட்டவே இல்லை.

அந்த வருடத் தொடக்கத்தில் ஆறு லட்சம் ரூபாயை, வெளிநாட்டில் இருப்பவர்கள் ஊர் பேங்கில் வைக்கும் என்.ஆர்.இ. கணக்கில் ஓராண்டு வைப்பாகப் போட்டிருந்தேன். முதிர்ந்ததும் ஊர் வீட்டுக் கூரைக்குச் செலவழித்தோம். அந்த வட்டிக்கு இந்தியாவில் வரி கிடையாது, பேங்கிலும் பிடிக்க மாட்டார்கள். அதோடு முடிந்தது என்று இருந்துவிட்டேன். ஆனால் வரிச் சட்டப்படி அமெரிக்காவில் வசிப்பவர் ஆகிவிட்டால், உலகத்தில் எங்கிருந்து வந்த வருமானத்தையும் இங்கே காட்ட வேண்டும். எச்-1பி வேலை விசாவில் வருடம் முழுக்க இங்கே இருப்பவர்களுக்கும் அப்படித்தான். அங்கே வரி இல்லை என்பது இங்கே செல்லாது. நம் ஆட்கள் இதைத் தயவுசெய்து ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

பேங்க் தரும் வட்டிச் சான்றிதழ் ஏப்ரல் முதல் மார்ச் வரைக்கானது. இங்கே கணக்கு ஜனவரி முதல் டிசம்பர் வரை. இரண்டு சான்றிதழ்களை வைத்துக்கொண்டு ஒரு ராத்திரி முழுக்கக் கூட்டிக் கழித்தும் சரியாக வரவில்லை. ஊருக்கு போன் செய்தேன். மறுநாள் காலை அப்பாவிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. கோடு போட்ட நோட்டுத் தாள், நீல மை, காலாண்டுக்கு ஒன்றாக நான்கு வரிகள், அடியில் இரட்டைக் கோடு, 30,568. காற்புள்ளிக்கு அவர் போடும் அந்தச் சின்ன வால்கூட மாறவில்லை. 2022இன் சராசரி மாற்று விகிதம், டாலருக்கு 78 ரூபாய் 60 காசு. வட்டி 389 டாலர். என் 22 சதவீத விகிதத்தில் வரி 86 டாலர். தாமதத்துக்கான வட்டியை இங்கத்திய வரித் துறையே கணக்கிட்டுக் கடிதம் அனுப்பும்.

இந்த ஊர் எனக்குப் பழகிவிட்டது. பனி பெய்தால் எந்தத் தெருவில் வண்டி வழுக்கும் என்றுகூடத் தெரியும். ஆனால் வரிக் கணக்குத் திருத்தத்துக்கான 1040-எக்ஸ் படிவத்தைச் சாப்பாட்டு மேசையில் விரித்ததும் கொப்பரை வாசம்தான் வந்தது.

அப்பா கொப்பரைக் களத்தில் கணக்கு எழுதினார். ஒருநாள் காங்கேயத்துக்குப் போகும் லோடுக்கு 112 மூட்டை என்பதற்குப் பதிலாக 121 என்று பில்லில் எழுதிவிட்டார். எல்லை வரிச் சாவடியில் எண்ணிப் பார்த்தவர்கள் லாரியை ஓரங்கட்டிவிட்டார்கள். ராத்திரி ஒன்பது மணிக்குச் செய்தி வந்தது. கார்பன் நகல் இருந்த பில் புத்தகத்தைத் துண்டில் சுற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கிளம்பினார். விடிந்துதான் வந்தார். அம்மா வாசலிலேயே உட்கார்ந்திருந்தாள். காலைக் கழுவிக்கொண்டே அவர் சொன்னது இன்னும் நினைவிருக்கிறது: "தப்பு விழுந்தா அடிச்சு மையாக்கக் கூடாது கண்ணு. ஒரே கோடு. பழைய எண் தெரியணும். பக்கத்துல சரியானதை எழுதிக் கையெழுத்துப் போடணும்."

1040-எக்ஸில் எண்களுக்கென்று மூன்று பத்திகள். முதலில் பழைய எண், நடுவில் வித்தியாசம், கடைசியில் சரியான எண். எதையும் அழிக்கச் சொல்வதில்லை. மேசையில் தனியாக உட்கார்ந்திருந்த எனக்குக் கண் கலங்கிவிட்டது. அப்பா ராத்திரி முழுக்க லாரி ஓரம் நின்று கேட்டதை, இங்கே படிவமாகவே அச்சடித்து வைத்திருக்கிறார்கள்! ஏன் திருத்துகிறாய் என்று எழுதவும் இரண்டாம் பக்கத்தில் இடம் இருக்கிறது. நாலே வரிதான். மூன்று தடவை எழுதிப் பார்த்தேன்.

2020 முதல் இதைக் கணினி வழியாகவும் அனுப்பலாம். எனக்குத் தாளில் கையெழுத்துப் போட வேண்டும் போலிருந்தது. வெளிநாட்டுக் கணக்கு உண்டா என்று கேட்கும் ஷெட்யூல் பி-யையும், 86 டாலர் செக்கையும் சேர்த்து வைத்தேன். மாநிலத்துக்குத் தனியாக ஒரு திருத்தம். அது சுலபம்.

அம்மா கவலைப்பட்டாள். "அங்கயும் சாவடி இருக்குதா கண்ணு? நிறுத்தி வெச்சுருவாங்களா?" இல்லை அம்மா, 8 முதல் 12 வாரம் ஆகும், சில சமயம் 16 வாரம்கூட ஆகும், அவ்வளவுதான் என்றேன். நம் ஊர் எல்லையிலேயே 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்ததும் வரிச் சாவடியை எடுத்துவிட்டார்களே என்றும் சொன்னேன். அவளுக்குத் தெரியும். தினமும் பஸ்ஸில் அந்த வழியாகத்தான் போகிறாள். ஆனாலும் அந்த இடம் வந்தால் இன்னும் வெளியே எட்டிப் பார்ப்பாளாம்.

போஸ்ட் ஆபீஸில் பதிவு ரசீதைக் கொடுத்தார்கள். அதைப் படம் எடுத்து அப்பாவுக்கு அனுப்பினேன். ஊரில் அப்போது ராத்திரி பதினொரு மணி. தூங்கியிருப்பார் என்று நினைத்தேன். உடனே பதில் வந்தது.

"நகல் எடுத்து வெச்சியா?"