பெயரின் வாலைப் பாருங்க, அக்கா

மட்டக்களப்புக் களுவாஞ்சிகுடியின் பிரதான வீதியில் எங்களுக்கு ஒரு சின்னக் கொமினிகேஷன் இருக்கிறது. போட்டோக்கொப்பி, தட்டச்சு, நோட்டீஸ், பிள்ளைகளின் ஒப்படைகள். இரண்டு கணினி, ஒரு பிரிண்டர். நான் லினக்ஸுக்கு வந்ததே வாடிக்கையாளர்களின் பென்டிரைவ்களால்தான். ஷார்ட்கட் வைரஸோடு வராத நாள் கிடையாது. கோப்புறைகள் எல்லாம் மறைந்து, வெறும் குறுக்குவழிகள் மட்டும் நிற்கும். அதே பென்டிரைவை லினக்ஸில் செருகினால் மறைந்தவை அப்படியே கண்ணுக்குத் தெரியும். அதைப் பார்த்த வாரமே கடையின் பணிசெயல் முறைமையை மாற்றிவிட்டேன்.

2023 வைகாசியில் தங்கச்சி இருக்கும் பெரிய கணினியில் உபுண்டு 22.04 என்ற லினக்ஸ் வகை இருந்தது (இந்த வகைகளைத்தான் டிஸ்ட்ரோ என்பார்கள்). பிரிண்டர் பொருத்திய பழைய கணினிக்கு நினைவகம் 2 ஜிபிதான். அதனால் அதில் டெபியன் 11 என்ற இன்னொரு டிஸ்ட்ரோவை அத்தியாவசியமானவற்றோடு மட்டும் நிறுவியிருந்தேன்.

வைகாசி என்றால் எங்கள் பக்கத்தில் கண்ணகி அம்மன் சடங்கு. கதவு திறத்தல், கல்யாணக்கால், குளிர்த்தி என்று நாள்வாரியாக நோட்டீஸ் அடிக்க வேண்டும். ஒரு பின்னேரம் கோயில் நிர்வாகம் பார்க்கும் வண்ணக்கர் ஐயா ஒருவர் வந்தார். "புள்ள, நாளைக்கு விடிய ஊருக்குள்ள குடுக்கணும்" என்றார். பெரிய கணினியில் நோட்டோ செரிஃப் தமிழ் எழுத்துருவில் அழகாக அமைத்தேன். அதற்குள் தங்கச்சியிடம் சுயவிபரக் கோவை தட்ட ஒருவர் வந்துவிட்டார், நாங்கள் பழைய கணினிக்கு நகர்ந்தோம். பிடிஎஃப் ஆக்கிக் கொண்டுபோயிருக்கலாம்தான். ஆனால் ஐயா பக்கத்தில் இருந்து உபயகாரர் பெயர்களைத் திருத்திக்கொண்டே இருந்தார். அங்கே கோப்பைத் திறந்தால் எழுத்துரு இல்லை. வரிகள் குலைந்து, குளிர்த்தி நேரம் இரண்டாம் பக்கத்துக்குப் போய்விட்டது. டேட்டாவும் அன்று காலையிலேயே முடிந்திருந்தது.

பக்கத்துக் கணினியில் இருப்பதை எடுத்துப் போட்டால் சரி என்றுதான் நினைத்தேன். ஏபிடி-கெட் கட்டளையால் நிறுவும் பொதிகள் (நிரலோ எழுத்துருவோ அடைத்து வரும் கோப்புகள்) 'வார்' கோப்புறைக்குள் கேஷ், ஏபிடி, ஆர்கைவ்ஸ் என்று போனால் அங்கே கிடக்கும். (வெறும் ஏபிடி கட்டளை, நிறுவி முடிந்ததும் பொதியை அழித்துவிடும். டேட்டாவுக்குக் காசு கொடுப்பவர்கள் ஏபிடி-கெட்டையே பழக்கப்படுத்திக்கொள்வது நல்லது.) எழுத்துருப் பொதியைப் பென்டிரைவில் எடுத்து டெபியனில், பொதியை நேரே நிறுவும் டிபிகேஜி கட்டளை கொண்டு நிறுவப் பார்த்தேன். சுருக்கிய முறை தெரியாத கோப்பு என்று சொல்லி நின்றுவிட்டது. உபுண்டுவின் பொதியும் டெபியனின் பொதியும் ஒரே டெப் வகைக் கோப்புதானே, ஏன் திறக்காது?

தம்பி ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் படிக்கிறான். அவனுக்குத்தான் கோல் எடுத்தேன். அவன் சொன்னதையும் பிறகு நானே கிண்டிப் பார்த்ததையும் சேர்த்துச் சொல்கிறேன், ஏனென்றால் இதை முன்பே தெரிந்திருந்தால் எத்தனையோ இரவுகள் மிஞ்சியிருக்கும்.

டெப் கோப்பு என்பது ஒரு பெட்டிக்குள் மூன்று கோப்புகள். ஒன்று பதிப்பு எண், ஒன்று பொதியின் விபரமும் தேவைகளும், மற்றது உண்மையான சரக்கு. பின்னைய இரண்டும் சுருக்கப்பட்டிருக்கும். உபுண்டு 21.10 முதல் அந்தச் சுருக்கத்துக்கு இசட்-ஸ்டாண்டர்ட் முறைக்கு மாறிவிட்டது. டெபியன் 11இல் உள்ள டிபிகேஜிக்கு அந்த முறை தெரியாது, டெபியன் 12இல் வந்ததற்குத் தெரியும். எனக்குத் தடையாக நின்றது பெட்டியின் பூட்டு மட்டும்தான். உள்ளே இருந்த எழுத்துரு எந்த டிஸ்ட்ரோவுக்கும் பொதுவானது.

"பெயரின் வாலைப் பாருங்க, அக்கா" என்றான் தம்பி. பொதியின் பெயர் 'ஆல்' என்று முடிந்தால் அதற்குள் இருப்பது பெரும்பாலும் எழுத்துரு, சொல்திருத்தி அகராதி, படங்கள், ஆவணங்கள். 'ஏஎம்டி64' என்று முடிந்தால் இயந்திர மொழியாக்கப்பட்ட நிரல். நோட்டோ பொதியின் வால் 'ஆல்'. உபுண்டு கணினியிலேயே டிபிகேஜி-டெப் கட்டளையால் பொதியைப் பிரித்து, உள்ளே இருந்த எழுத்துருக் கோப்புகளை மட்டும் டெபியனில் என் வீட்டுக் கோப்புறையின் (ஹோம்) எழுத்துரு இடத்தில் போட்டு, எழுத்துருப் பட்டியலைப் புதுப்பிக்கும் எஃப்சி-கேஷ் கட்டளையை ஓட்டினேன். குளிர்த்தி முதல் பக்கத்துக்குத் திரும்பி வந்தது. பெடோரா என்ற வேறு குடும்பத்து டிஸ்ட்ரோவிலும் இதையே செய்யலாம், தம்பியின் மடிக்கணினியில் செய்தும் பார்த்தோம்.

நிரல்கள் அப்படி ஊர் விட்டு ஊர் போகா. ஒவ்வொரு நிரலும் ஜிலிப்சி என்ற அடிப்படை நூலகத்தின் மேல் நிற்கிறது. டெபியன் 11இல் அது 2.31, உபுண்டு 22.04இல் 2.35, உபுண்டு 24.04இல் 2.39. பழையதில் கட்டிய நிரல் புதியதில் பெரும்பாலும் ஓடும். புதியதில் கட்டியது பழையதைப் பார்த்து, எனக்கு வேண்டிய பதிப்பு இங்கே இல்லை என்று நின்றுவிடும். அதற்காக நூலகத்தையும் சேர்த்துக் கடத்திவந்து போடாதீர்கள். கணினியில் உள்ள அத்தனை நிரலும் அந்த ஒன்றின் மேல்தான் நிற்கிறது. டெப்பைப் பெடோராவின் பொதி வகையான ஆர்பிஎம் ஆக மாற்றித் தரும் ஏலியன் என்ற கருவியையும் தம்பி ஒரு பிரிண்டர் டிரைவருக்காக முயன்றான். பொதி மாறியது, பிரிண்டர் அசையவில்லை.

டிஸ்ட்ரோ மாறும்போது நான் பொதிகளைச் சுமப்பதை அத்தோடு விட்டேன். பெயர்ப் பட்டியலைத்தான் கொண்டுபோகிறேன். ஏபிடி-மார்க் கட்டளை, நாமாகக் கேட்டு நிறுவியவற்றின் பட்டியலைத் தந்துவிடும். டெபியன் குடும்பத்துக்குள் பெயர்கள் பெரும்பாலும் ஒன்றே. பெடோராவுக்குப் போனால் பைத்தன் நிரலாக்கப் பொதியின் 'டெவ்' அங்கே 'டெவெல்' ஆகும், அதைக் கையால் திருத்த வேண்டியதுதான். வீட்டுக் கோப்புறையை வன்தட்டின் தனிப் பாகத்தில் வைத்திருப்பதால் வாடிக்கையாளர் கோப்புகள் அசையாமல் கிடக்கும்.

இப்போது இரண்டு கணினியிலும் லினக்ஸ் மின்ட் 22. பழையதற்கு இன்னொரு 2 ஜிபி நினைவகம் செகண்ட் ஹேண்டில் வாங்கிப் போட்டு அதன் இலகுவான எக்ஸ்எஃப்சிஇ பதிப்பை நிறுவினேன். புதுப்புது டிஸ்ட்ரோக்களைச் சுவைத்துப் பார்ப்பது எனக்கு இன்னும் பிடிக்கும், அதற்கு வீட்டு மடிக்கணினி இருக்கிறது. கடைக்கு ஒன்றே போதும். மின்ட் 22 உபுண்டு 24.04இன் மேல் கட்டப்பட்டது, பொதிகளில் பெரும்பகுதி அங்கிருந்தே வருகிறது. பெரிய கணினியில் ஏபிடி-கேஷர்-என்ஜி ஓடுகிறது. ஒரு தடவை இறக்கியதை அது வைத்திருந்து, 3142ஆம் போர்ட் வழியாகப் பழைய கணினிக்குக் கொடுக்கும். மேம்படுத்தலுக்கு இரண்டு தடவை டேட்டா போவதில்லை.

தம்பியின் பெடோராவுக்கும் எங்கள் மின்டுக்கும் இடையே பாலம் பிளாட்பேக் என்ற பொதி முறை. நிரல் தனக்கு வேண்டிய அடித்தளத்தையும் கூட்டிக்கொண்டு வருவதால் கீழே என்ன டிஸ்ட்ரோ என்று கவலைப்படுவதில்லை. முதல் தடவை அடித்தளம் சில நூறு எம்பி தின்னும், அப்புறம் அதையே மற்ற நிரல்களும் பகிர்ந்துகொள்ளும். அதிகம் பேர் அறியாதது, அதில் 'கிரியேட்-யூஎஸ்பி' என்று ஒரு கட்டளை இருப்பது. பிளாட்பேக் நிரல்கள் கிடைக்கும் களஞ்சியமான பிளாட்ஹப்புக்குக் கலெக்ஷன் ஐடி என்ற அடையாளப் பெயர் ஒன்றை முதலில் அமைத்துக்கொண்டால், நிரலும் அடித்தளமும் சேர்ந்து பென்டிரைவில் ஏறிவிடும். போன ஞாயிறு தம்பி, படம் வரையும் நிரலான இங்க்ஸ்கேப்பைப் பல்கலைக்கழக வலையில் இறக்கிப் பென்டிரைவில் கொண்டுவந்தான். கல்முனையில் பஸ் மாறி அவன் கடைக்கு வந்து சேர்ந்த அரை மணித்தியாலத்தில் எங்கள் மின்டில் அது திறந்தது. இணையம் தொடவே இல்லை.

களுவாஞ்சிகுடி, பெரியகல்லாறு பக்கம் யாராவது மின்ட் 22 அல்லது உபுண்டு 24.04 வைத்திருந்தால் பென்டிரைவோடு கடைக்கு வாருங்கள். லிப்ரே ஆபிஸ், தமிழ் எழுத்துருக்கள், தமிழ்99 விசைப்பலகைக்கான பொதிகள் எல்லாம் எடுத்து வைத்திருக்கிறேன். காசு வேண்டாம். வேறு டிஸ்ட்ரோ என்றால் எழுத்துருக்களையும் இங்க்ஸ்கேப்பையும் தரலாம். மற்றவற்றுக்குப் பதிப்பு எண்ணைக் குறித்துக்கொண்டு வந்தால் சேர்ந்து பார்ப்போம். பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு கடையில் கூட்டம் குறைவு.