கஜா நிவாரணம்: பட்டியலில் பெயர் ஏறும் வரை

2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா புயல் கரையைக் கடந்தபோது என்னென்ன விழுந்தன என்பதைப் பலரும் எழுதிவிட்டார்கள். விழுந்தவற்றுக்கு அரசு அறிவித்த நிவாரணம், தஞ்சை மாவட்டக் கடைமடையில் பிரதான சாலையை விட்டு உள்ளே தள்ளியிருக்கும் எங்கள் ஊருக்கு வந்து சேர நாங்கள் எத்தனை மேசைகளைச் சுற்றினோம் என்பதையே இங்கே எழுதுகிறேன்.

அப்போது எங்கள் ஊருக்கு ஊராட்சித் தலைவர் இல்லை. 2016-இல் நடந்திருக்க வேண்டிய உள்ளாட்சித் தேர்தல் நடக்காமல் போனதால் தமிழகம் முழுவதும் ஊராட்சிகள் தனி அலுவலர்களின் பொறுப்பில் இருந்தன. ஒன்றியத்தின் எல்லா ஊராட்சிகளுக்கும் பொறுப்பான ஒருவரை, சாலையெங்கும் மரங்கள் விழுந்து கிடந்த அந்த வாரத்தில் எங்கே தேடுவது? இருந்தவர் ஊராட்சிச் செயலர் மட்டுமே. அவர் வீட்டுக் கூரையும் பறந்திருந்தது. ஆகவே தெருவுக்கு இருவராக ஒரு குழு அமைத்துக்கொண்டோம். அலுவலகங்களில் பேசும் வேலை என்மீது விழுந்தது.

மின்சாரத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. டெல்டா மாவட்டங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கம்பங்கள் சாய்ந்திருந்த நிலையில், பிற மாவட்டங்களிலிருந்தும் கேரளத்திலிருந்தும் வந்த மின்வாரியத் தொழிலாளர்கள் சேற்று வயலில் இறங்கிக் கம்பம் நட்டார்கள். நாங்கள் குழி தோண்டிக் கொடுத்துச் சோறு போட்டோம். அதுவரை மேல்நிலைத் தொட்டிக்கு நீரேற்ற வாடகை ஜெனரேட்டருக்கும் டீசலுக்கும் வீட்டுக்கு வீடு வசூலித்தோம். அந்தச் செலவை ஊராட்சிக் கணக்கில் பெறலாம் என்று சொல்லப்பட்டது, பெற முடியவில்லை. டீசல் வாங்கிய ரசீதில் ஊராட்சியின் பெயர் இருக்க வேண்டுமாம், எங்கள் ரசீதுகளில் ஆளின் பெயர் இருந்தது. இதைச் சொன்னவர் முதல் நாளே சொல்லியிருந்தால் பெயரை மாற்றி எழுதி வாங்கியிருப்போம்.

நிவாரண லாரிகளோ பிரதான சாலையிலேயே நின்றன. சாலையோர ஊர்களில் அரிசியும் பாயும் போர்வையும் இரண்டு மூன்று முறை கிடைத்தன. உள்ளே தள்ளியிருந்த ஊர்களுக்கு அவற்றின் செய்தி மட்டும் வந்தது. மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் 1077 எண்ணில் அழைத்தபோது புகாரைப் பதிந்துகொண்டார்கள். ஆனால் லாரி உள்ளே வந்தது, எங்கள் பையன்கள் பாதையில் கிடந்த மரங்களை அறுத்து ஒதுக்கி, அதைப் படமெடுத்து, வழி திறந்துவிட்டது என்று வருவாய் ஆய்வாளருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிய பிறகுதான். உதவி கேட்கும்போது பாதை எந்த நிலையில் இருக்கிறது, எந்த வண்டி வரை வரலாம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அது தெரியாத ஊருக்கு வண்டி அனுப்ப எந்த அலுவலரும் துணிய மாட்டார்.

உண்மையான போராட்டம் கணக்கெடுப்பில்தான் தொடங்கியது. அரசு அறிவித்த தொகைகள் தெளிவாகவே இருந்தன: முழுவதும் சேதமடைந்த குடிசைக்கு 10,000 ரூபாய், பசு மாட்டுக்கு 30,000, ஆட்டுக்கு 3,000; தென்னை ஒன்றுக்கு 600 ரூபாயும் அதை வெட்டி அகற்ற 500 ரூபாயுமாக 1,100; ஹெக்டேருக்கு 175 மரங்கள் என்ற கணக்கில் 1,92,500 ரூபாய். நெருக்கி நட்டவர்களுக்கு அந்த 175 என்ற எண்ணே இடியாக இறங்கியது. பிள்ளையைப் போல வளர்த்த மரத்துக்கு 1,100 ரூபாய் போதுமா என்பது வேறு வழக்கு. அந்தத் தொகையாவது கைக்கு வர வேண்டுமே என்பதுதான் எங்கள் கவலை.

தென்னை வேளாண்மைத் துறையின் பொறுப்பு. அதே தோப்பில் ஊடுபயிராக நின்ற வாழை தோட்டக்கலைத் துறையின் பொறுப்பு. வேளாண்மை அலுவலரும் கிராம நிர்வாக அலுவலரும் வந்து தென்னையை எண்ணிவிட்டுப் போனபோது, வாழைக்கு வேறு ஆள் வருவார் என்றார்கள். அந்த வேறு ஆள் வருவதற்குள் சிலர் வாழையை அப்புறப்படுத்தியிருந்தார்கள். எதை வைத்து எழுதுவது என்று அவர் கைவிரித்தார். விழுந்த தென்னைகளையும் அப்படியே போட்டுவைக்க முடியாது, மட்கும் தண்டில் காண்டாமிருக வண்டு பெருகி, தப்பி நிற்கும் மரத்தையும் தின்னும். ஆகவே கணக்கெடுப்புக்கு முன் அகற்றுகிறவர்கள், உரிமையாளர் நிற்கும்படியாக, தோப்பின் நான்கு மூலையிலிருந்தும், இடமும் தேதியும் பதியும் செயலியில் படமெடுத்து வையுங்கள். வெட்டிய அடிக்கட்டைகளை மட்டுமாவது பிடுங்காமல் விட்டால் எண்ணுவதற்குச் சான்று இருக்கும். எங்கள் ஊரில் இந்த இரண்டையும் செய்த ஒருவருக்குக்கூட எண்ணிக்கை குறையவில்லை.

அடுத்த முட்டுக்கட்டை பட்டா. நிலம் தாத்தா பெயரில் இருக்கும். தாத்தா இறந்து இருபது ஆண்டு ஆகியிருக்கும். தோப்பை அனுபவிப்பவர்கள் மூன்று பேரன்மார். ஓர் அலுவலகத்தில், பட்டாதாரரே நேரில் வரட்டும் என்று ஓர் எழுத்தர் முகத்தைப் பார்க்காமலே சொன்னார். இறந்தவரை எப்படி ஐயா அழைத்து வருவது என்று உடன் வந்த பெரியவர் கேட்டபோதும் அவர் நிமிரவில்லை. அதே வளாகத்தின் மாடியில் இருந்த துணை வட்டாட்சியர்தான் வழி காட்டினார்: வாரிசுச் சான்று, மற்ற பங்குதாரர்களின் சம்மதக் கடிதம், அடங்கல் என்னும் கிராமப் பயிர்ப் பதிவேட்டில் பயிரின் பெயர் இருக்கும் நகல் ஆகியவற்றை மனுவோடு சேர்த்து, அவரவர் பங்குக்கு எழுதிக் கேட்கச் சொன்னார். கீழே மறுத்தால் மேலே ஏறிக் கேட்பதற்குக் கூச்சப்படாதீர்கள். மனுவின் இரண்டாம் படியில் தேதியோடு முத்திரை வாங்காமல் மட்டும் இறங்கி வந்துவிடாதீர்கள்.

பட்டியல் வந்தபோது எதிர்பாராத இடத்தில் அடி விழுந்தது. பெயர் இருந்தும் பணம் வராமல் திரும்பியவர்களின் கணக்குகளை ஒவ்வொன்றாகப் பார்த்தோம். சிலர் வங்கிக் கணக்கு எண்ணுக்குப் பதிலாகக் கூட்டுறவுச் சங்கத்துச் சேமிப்பு எண்ணைக் கொடுத்திருந்தார்கள். வேறு சிலருடையவை முழு ஆவணங்கள் இல்லாமல் தொடங்கிய ஜன்தன் சிறு கணக்குகள். அவற்றில் 50,000 ரூபாய்க்கு மேல் இருப்பு வைக்க முடியாது என்று வங்கியில் சொன்னார்கள். ஓர் ஏக்கர் தோப்புக்கே 77,000 ரூபாய் வர வேண்டியிருக்க, அது எப்படி உள்ளே நுழையும்? ஆதார் நகலைக் கொடுத்துக் கணக்கை முழுக் கணக்காக மாற்றிய பிறகு பணம் ஏறியது. இந்த வேலையைக் கணக்கெடுப்புக்கு முன்பே முடித்துக்கொள்ளலாம், செலவும் இல்லை. வந்த பணத்தைப் பழைய பயிர்க்கடனில் வரவு வைக்க முயன்ற ஒரு வங்கிக் கிளையில், இது நிவாரணத் தொகை என்று எழுத்தில் கொடுத்து, மேலாளர் இறங்கி வரும் வரை பெண்கள் எழுந்திருக்கவில்லை. அன்று மாலையே பணம் விடுவிக்கப்பட்டது.

விடுபட்டோர் பட்டியல் ஒன்றைத் தெரு வாரியாக நாங்களே தயாரித்து, புல எண், குடும்ப அட்டை எண், கணக்கு எண் எல்லாவற்றையும் ஒரே வரிசையில் தட்டச்சு செய்து கொடுத்ததுதான் இந்த அலைச்சலில் நாங்கள் செய்த உருப்படியான வேலை. அதைப் பார்த்த கிராம நிர்வாக அலுவலர், தம் வேலை பாதியாகக் குறைந்தது என்றார். துணைப் பட்டியலில் அந்தப் பெயர்களில் பெரும்பாலானவை ஏறின.

ஏறாதவை குத்தகைக்காரர்களின் பெயர்கள். 1969-ஆம் ஆண்டுச் சட்டப்படி குத்தகை உரிமையைப் பதிவு செய்திருந்த சிலருக்குக் கிடைத்தது. வாய்ப்பேச்சில் குத்தகை பிடித்து உழுதவர்களின் தொகை, நிலத்துக்காரர் பெயரில் போயிற்று. எங்கள் ஊரில் இரண்டு நிலத்துக்காரர்கள் அதைத் தாமாகவே பங்கிட்டுக் கொடுத்தார்கள். மற்றவர்களிடம் ஊர்க்கூட்டம் கூட்டிப் பேசினோம். ஒருவர் பாதியைக் கொடுத்தார், மீதமிருந்தவர்கள் அசையவில்லை. அவர்களிடம் குத்தகை பிடித்தவர்கள் இப்போது பதிவுக்கு மனுக் கொடுத்திருக்கிறார்கள். விசாரணைக்கு அழைப்பு வந்திருக்கிறது. நெல் விற்ற ரசீதுகளையும் குத்தகை அளந்த சீட்டுகளையும் சேகரித்துக்கொண்டிருக்கிறோம்.