நெபுலைசர் வைத்து வீட்டுக்கு வந்த பிறகு

ஆஸ்துமா உள்ள பிள்ளைக்கு ராத்திரி வீசிங் (இளைப்பு) அதிகமாகி ஆஸ்பத்திரிக்கு ஓடி, இரண்டு மூன்று தடவை நெபுலைசர் (மருந்தைப் புகைபோலாக்கி மூச்சில் கொடுக்கும் கருவி) வைத்து, விடியற்காலையில் பிள்ளை பிஸ்கட் கேட்டுவிட்டால் வீட்டில் எல்லோருக்கும் போன உயிர் திரும்பி வரும். அதோடு தீர்ந்தது என்று விட்டுவிடுவதுதான் ஆபத்து. மூச்சுக்குழாயைச் சுற்றி இறுகிய தசை மருந்தில் தளர்ந்திருக்கிறது. குழாயின் உள்சுவர் வீக்கம் இன்னும் வடியவில்லை. அது முழுக்க அடங்க வாரக்கணக்கில் ஆகும். அதற்குள் ஒரு சளி பிடித்தால் மறுபடியும் அதே ஓட்டம்.

மலையில் அந்த ஓட்டம் சாதாரணமில்லை. கூடலூரிலிருந்து ஊட்டிக்குச் சுமார் 50 கிலோமீட்டர், நடுவட்டம் வழியாக ஏறவேண்டும். ஜூலை மழையில் மண் சரிந்தாலோ மரம் விழுந்தாலோ நேரக் கணக்கே கிடையாது. அதனால் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த முதல் மாதத்தைக் கவனமாகப் பார்த்துக்கொள்ளச் சொல்கிறோம்.

முதலில், வீக்கம் வடிய எழுதிக் கொடுத்த ஸ்டீராய்டு மருந்து. பிரெட்னிசலோன் பெரும்பாலும் 3 முதல் 5 நாள்தான். இரண்டாம் நாளே பிள்ளை ஓடியாடுகிறது என்று நிறுத்திவிடாதீர்கள். கசக்கும், வாழைப்பழத்தில் மசித்துக் கொடுக்கலாம், சாப்பாட்டுக்குப் பின். ஒன்றிரண்டு நாளுக்குள் ஒருமுறை மருத்துவரிடம் காட்டவேண்டும். அதற்கு ஊட்டிக்கோ கோவைக்கோ போகவேண்டியதில்லை, பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையம் போதும். டிஸ்சார்ஜ் சீட்டு, வீட்டில் இருக்கிற எல்லாப் பம்புகள் (இன்ஹேலர்), ஸ்பேசர் (பம்பில் மாட்டி மூச்சிழுக்கும் பிளாஸ்டிக் குழல்) மூன்றையும் பையில் போட்டுக்கொண்டு போங்கள். அங்கேயே பிள்ளையைப் பம்ப் எடுக்கச் சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு மாதம் கழித்து இன்னொரு முறை.

பம்ப் இரண்டு வகை. சால்பியூட்டமால் இறுக்கத்தை உடனே தளர்த்தும். புடசொனைடு போன்ற ஸ்டீராய்டு பம்ப் வீக்கத்தை மெல்ல வடிக்கும். அதை எழுதிக் கொடுத்திருந்தால் இளைப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும் தினமும் எடுக்கவேண்டும். நிறத்தை நம்பாமல் பெயரைப் படியுங்கள், கம்பெனிக்குக் கம்பெனி நிறம் மாறும். பாதிப் பேர் தப்பு செய்வது இங்கேதான்: உடனே சுகம் தெரிகிற பம்பை வைத்துக்கொண்டு, ஒன்றும் தெரியாத பம்பை விட்டுவிடுகிறார்கள். பம்புக்குப் பிள்ளை அடிமையாகாது. ஸ்டீராய்டு பம்பால் வளர்ந்த பிறகு உயரம் சுமார் 1 செ.மீ குறையலாம் என்பது உண்மை. கட்டுக்குள் வராத ஆஸ்துமாவோ வளர்ச்சியையும் கெடுக்கும், உயிருக்கும் உலை வைக்கும். மூன்று மாதம் தொந்தரவில்லாமல் இருந்தால் அளவைக் குறைப்பதை மருத்துவர் பார்த்துக்கொள்வார்.

இனி ஸ்பேசர். புதிதாக வாங்கியதும் பிரித்து, பாத்திரம் கழுவும் சோப்புநீரில் அலசி, துணியால் துடைக்காமல் தானாகக் காயவிடுங்கள். துடைத்தால் பிளாஸ்டிக்கில் மின்னூட்டம் ஏறும். மருந்துத் துகள் நுரையீரலுக்குப் போகாமல் சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும். மாதம் ஒருமுறை இதே முறையில் கழுவுங்கள். எடுக்கும்போது பம்பை நன்றாகக் குலுக்கி, ஒரே ஒரு பஃப் (ஒரு அழுத்து மருந்து) அழுத்தி, சாதாரணமாக 5, 6 மூச்சு. அரை நிமிடம் விட்டு, மறுபடி குலுக்கி அடுத்த பஃப். இரண்டையும் ஒன்றாக அழுத்தினால் மருந்து வீண். 4 வயதுக்குக் கீழே மாஸ்க் வேண்டும், மூக்கையும் வாயையும் இடைவெளியில்லாமல் மூடவேண்டும். ஒவ்வொரு மூச்சுக்கும் ஸ்பேசரின் வால்வு அசைவதைப் பார்த்து எண்ணுங்கள். அசையவில்லையென்றால் மாஸ்க் ஓரத்தில் காற்று கசிகிறது. அழும் பிள்ளைக்கு மருந்து உள்ளே போகாது, மடியில் வைத்து அடங்கவிட்டுக் கொடுங்கள். ஸ்டீராய்டு பம்புக்குப் பிறகு வாய் கொப்பளிக்கவேண்டும், சின்னப் பிள்ளைக்கு வாயையும் முகத்தையும் ஈரத்துணியால் துடைத்தால் போதும்.

ஊட்டிக் குளிருக்கென்று ஒன்று. உறைபனிக் காலத்தில் ஜன்னலோரம் கிடந்த பம்ப் சில்லிட்டுப் போனால் மருந்து சரியாக வராது. உலோகக் குப்பியைக் கழற்றி உள்ளங்கையில் சில நிமிடம் பொத்தி வைத்துவிட்டு எடுங்கள். அடுப்பிலோ வெந்நீரிலோ காட்டக்கூடாது, வெடிக்கும். தீர்ந்ததா என்று தண்ணீரில் மிதக்கவிட்டுப் பார்ப்பதும் சரியான சோதனை இல்லை. குப்பியில் 200 என்று போட்டிருந்து, காலை 2 இரவு 2 பஃப் என்றால் 50 நாளில் தீரும். திறந்த அன்றே தீரும் தேதியை அட்டைப் பெட்டியில் எழுதிவிடுங்கள். மீதி எத்தனை பஃப் என்று எண் காட்டும் பம்ப் கிடைத்தால் அதுவே நல்லது.

வீட்டுக்குள் பெரிய எதிரி புகை. குளிருக்குப் பயந்து கதவு ஜன்னலைச் சாத்தி, கரி அடுப்பை உள்ளே கொண்டுவந்து கணப்பாக வைப்பது இங்கே பழக்கம். ஆஸ்துமா பிள்ளைக்கு அது விஷம். அதன் கார்பன் மோனாக்சைடு தூங்குகிறவர் யாராயிருந்தாலும் உயிரைப் பறிக்கும். கம்பளியும் வெந்நீர்ப் பையும் போதும். விறகடுப்பு எரிகிற நேரம் பிள்ளையை வேறு அறைக்கு மாற்றுங்கள். சாம்பிராணி, கொசுவர்த்தி, பீடி எல்லாமே இந்தக் கணக்கில்தான். மழைக்காலத்தில் எஸ்டேட் லைன் வீட்டுச் சுவர் ஓதம் ஏறி மூலையில் கறுப்பாகப் பூசணம் படரும். பிள்ளை வெளியே இருக்கும்போது தேய்த்துக் கழுவி உலரவிடுங்கள். ஈரத்துணியைப் படுக்கிற அறையில் காயப்போடாதீர்கள். வெயில் அடிக்கிற நாளில் கம்பளியை வெளியே போடத் தவறாதீர்கள்.

விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவி வைத்திருப்பவர்களுக்கு: ஊட்டியின் 2,200 மீட்டர் உயரத்தில் நல்ல பிள்ளைக்கும் சமவெளியைவிடச் சற்றுக் குறைவாகவே காட்டும், விரல் சில்லிட்டிருந்தால் தப்பாகவும் காட்டும். பிள்ளை நன்றாக இருக்கிற நாளில் கையைச் சூடாக்கி அளந்து எழுதி வையுங்கள். ஆனால் எண் நன்றாக இருக்கிறதே என்று மூச்சுத்திணறலை அலட்சியப்படுத்தக் கூடாது.

மறுபடி இளைப்பு வந்தால் என்ன செய்வது என்பதை மருத்துவரிடம் எழுதி வாங்கிச் சுவரில் ஒட்டுங்கள். ஒரு நகல் பள்ளிக்கு, விடுதியில் இருந்தால் வார்டனுக்கு, பம்பும் ஸ்பேசரும் சேர்த்து. பொதுவாக, 5 வயது வரை 2 பஃப், அதற்கு மேல் 4 பஃப் சால்பியூட்டமால். 20 நிமிடத்துக்கு ஒருமுறை, மூன்று தடவை வரை. அதற்கும் அடங்கவில்லை, அல்லது அடங்கி 3 மணி நேரத்துக்குள் திரும்பி வந்தால் ஆஸ்பத்திரிதான். விலா எலும்பிடையே சதை உள்ளிழுத்தால், ஒரு வாக்கியம் முழுதாகப் பேச முடியாவிட்டால், உதடு நீலம் பாரித்தால், பிள்ளை சோர்ந்து தூங்கி வழிந்தால் 20 நிமிடம் காத்திருக்க வேண்டாம், உடனே 108. விசில் சத்தம் நின்றும் பிள்ளை திணறினால் அது இன்னும் மோசம், காற்றே உள்ளே போகவில்லை என்று அர்த்தம். வண்டி வரும் வரையும், மலைப்பாதை முழுக்கவும் பிள்ளையை உட்காரவைத்தே, ஸ்பேசரில் பஃப் கொடுத்துக்கொண்டே போங்கள்.