கரிசல் மண்ணும் எங்கள் வீட்டு வெடிப்பும்

கோவில்பட்டி வட்டாரத்தில் கரிசலில் வீடு கட்டியவர்களுக்குச் சுவர் வெடிப்பு ஒரு செய்தியே அல்ல. பூசுவார்கள், வெள்ளையடிப்பார்கள், அடுத்த கோடையில் மறுபடியும் பூசுவார்கள். 1990களில் அப்பா கட்டிய எங்கள் வீட்டிலும் இதுதான் நடந்துவந்தது. கருங்கல் கடைக்கால், செங்கல் சுவர், மேலே கான்கிரீட் தளம். தென்கிழக்கு மூலை ஜன்னலின் மேல்முனையிலிருந்து கூரையை நோக்கிச் சாய்வாக ஒரு வெடிப்பு. கீழே மயிரிழை, மேலே ஏழெட்டு மில்லிமீட்டர். நடு அறையில் தரை புடைத்து டைல்ஸ் கழன்றுவிட்டது. ஐப்பசியில் பின்கதவு சட்டத்தில் இறுகும்; பங்குனியில் தானாகத் திறந்துகொள்ளும்.

பார்த்த மேஸ்திரிகள் எல்லோரும் சுவரைத்தான் பார்த்தார்கள். மதுரையிலிருந்து வந்த கட்டமைப்புப் பொறியாளர் சுவருக்கு முன்னால் கொல்லைப்புறத்தைப் பார்த்தார். மூலையிலிருந்து நாலு எட்டில் வேப்பமரம். குளியலறைத் தண்ணீர் போகும் பழைய பீங்கான் குழாயின் இணைப்பில் கசிவு. கூரை மழைநீர்க் குழாய் சுவரடியிலேயே கொட்டியது. “வெடிப்பு மேலே அகலமாக இருந்தால், மூலை வெளிப்பக்கம் சாய்ந்து இறங்குகிறது என்று பொருள். நடுவில் மண் உப்புகிறது, ஓரத்தில் சுருங்குகிறது” என்றார்.

கரிசலில் மாண்ட்மோரில்லோனைட் என்ற களிமண் கனிமம் அதிகம். அதன் நுண்ணிய தகடுகளுக்கு இடையே தண்ணீர் புகுந்தால் மண் பருக்கும். வற்றினால் சுருங்கி வாய் பிளக்கும். மானாவாரிப் பருத்தியை வாழவைக்கும் ஈரப்பிடிப்பும் இதே குணத்தால்தான். பயிருக்கு நல்லது கடைக்காலுக்கு ஆகவில்லை. வீட்டுக்கு அடியில் வெயில் படாததால் ஈரம் தங்குகிறது. ஓரத்து மண்ணை வெயிலும் வேரும் உறிஞ்சுகின்றன. மூன்றடி ஆழக் கடைக்கால் இந்த ஏற்ற இறக்கத்துக்குள்ளேயே நிற்கிறது.

மண்ணைச் சோதனைக்குக் கொடுத்தோம். தடையற்ற உப்பல் சோதனை எளிமையானது. சலித்து உலர்த்திய 10 கிராம் மண்ணை 100 மில்லி அளவுக் குடுவைகள் இரண்டில் போட்டு, ஒன்றில் தண்ணீரும் மற்றதில் மண்ணெண்ணெயும் ஊற்றி 24 மணி நேரம் விடுகிறார்கள். மண்ணெண்ணெயில் களிமண் உப்பாது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே கணக்கு. எங்கள் மண் தண்ணீரில் கிட்டத்தட்ட இரண்டு மடங்காக நின்றது.

உடனே வேலை தொடங்கும் என்று நினைத்தேன். “ஒரு மழையும் ஒரு கோடையும் கடக்கட்டும்” என்றார் பொறியாளர். வெடிப்பின் குறுக்கே கண்ணாடித் துண்டு ஒட்டுவது பழைய வழக்கம்; உடைந்தால் சுவர் நகர்ந்தது என்று மட்டும் தெரியும், எந்தப் பக்கம், எவ்வளவு என்று தெரியாது. அதனால் இருபுறமும் ஆணி அடித்து, மாதாமாதம் வெர்னியர் காலிப்பரால் இடைவெளியை அளந்து காலண்டரில் குறித்தோம். பிரிட்டனின் கட்டட ஆராய்ச்சி நிலையம் தரும் அட்டவணையில் 5 முதல் 15 மி.மீ. வரையிலான வெடிப்பு நடுத்தரச் சேதம். ஆனால் அகலத்தைவிட அது அசைகிறதா என்பதே முக்கியம் என்று எனக்குப் பட்டது. எங்களுடையது கார்த்திகையில் சுருங்கியது, வைகாசியில் விரிந்தது. வருடந்தோறும் பூசியது ஏன் நிற்கவில்லை என்பதும் விளங்கியது: கோடையில் விரிந்த வாயில் சிமெண்டை இறுக அடைத்தால், மழைக்காலத்தில் சுவர் மூட இடமில்லாமல் பக்கத்தில் புதிதாகப் பிளக்கும்.

மரத்தில்தான் சண்டை. “அண்ணாச்சி, வேம்பை வெட்டிவிடுங்கள், எல்லாம் சரியாகும்” என்று உள்ளூர் மேஸ்திரி விடாமல் சொன்னார். பொறியாளர் தடுத்தார். பல ஆண்டுகளாக வேர் உறிஞ்சிய மண் சட்டென்று ஈரமேறினால் அந்த மூலையே மேலெழும்பும். கிளைகளை மட்டும் கழித்தோம். இலை குறைந்தால் மரம் குடிக்கும் நீரும் குறையும். அம்மாவுக்கு இதில் மிகுந்த திருப்தி.

பிறகு செய்தவை பெரும்பாலும் தண்ணீர் வேலைகள். பீங்கான் குழாயை எடுத்துவிட்டு பி.வி.சி. போட்டோம். மழைநீர்க் குழாயைத் தெருப்பக்க வடிகாலுக்கு நீட்டினோம். வீட்டைச் சுற்றி ஒன்றரை மீட்டர் அகலத்துக்குக் கரிசலை அள்ளிவிட்டுச் சரளை மண்ணைத் திமிசு போட்டு இறுக்கி, மேலே வெளிப்புறம் சரிவாகக் கான்கிரீட் போட்டோம். அது சுவரோடு சேரும் இடத்தில் சிமெண்ட் வைக்காமல் தார் ஊற்றியதைப் பார்த்து மேஸ்திரிக்கு முகம் சுருங்கியது. இரண்டும் தனித்தனியாக அசைய வேண்டும் அல்லவா? நடு அறையிலும் தரையை உடைத்து, கரிசலை எடுத்து, சரளை நிரப்பி, சுவரைத் தொடாமல் புதுக் கான்கிரீட் போட்டோம்.

சுவருக்குக் கடைசியில்தான் வந்தோம். வெடிப்பு அதிகம் விரியாமலும் மூடாமலும் இருக்கும் தை மாதத்தில், செங்கல் வரிகளுக்கு இடையே கிடைமட்டமாகக் காரையைச் சுரண்டி, துருப்பிடிக்காத 6 மி.மீ. எஃகுக் கம்பிகளை வெடிப்பின் இருபுறமும் அரை மீட்டர் நீளும்படி பதித்து, சுருங்காத கலவையால் மூடினார்கள். கடைக்காலுக்கு அடியில் தாங்கல் கொடுக்கும் யோசனையும் இருந்தது. செலவைக் கேட்டதும் அப்பா எழுந்து போய்விட்டார். அளவுகள் அடங்கியதால் அது தேவைப்படவும் இல்லை.

கூரைத்தளத்தில் இருந்த வெடிப்பு வேறு நோய். கம்பி துருப்பிடித்தால் பருத்துக் கான்கிரீட்டைத் தள்ளும். தட்டிப் பார்த்து, பொத்தலாக ஒலித்த இடங்களைக் கொத்தி, கம்பியைச் சுத்தம் செய்து, துருத்தடுப்புப் பூச்சு அடித்து, பாலிமர் கலவையால் பூசினோம். இதை மண் வேலையோடு சேர்த்து ஒரே ஒப்பந்தமாகப் பேசாதீர்கள். ஒன்றின் பெயரில் மற்றதைச் சுருக்கிவிடுவார்கள்.

மூலையில் இன்றும் கோடையில் மயிரிழை தெரிகிறது, மழையில் மறைகிறது. அதற்குப் பூச்சு வேண்டாம், வளைந்துகொடுக்கும் சீலண்ட் போதும் என்று பொறியாளர் சொல்லிவிட்டார். பின்னால் தம்பி கட்டும் அறைக்கு ரூர்க்கி மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் இம்மண்ணுக்கென உருவாக்கிய, அடியில் குமிழ் விரிந்த தூண் அடித்தளத்தை மூன்றரை மீட்டர் ஆழத்துக்கு இறக்குகிறோம். பழைய சுவருக்கும் அதற்கும் இடையே 25 மி.மீ. இடைவெளி விடச் சொல்லியிருக்கிறோம். மேஸ்திரி அதையும் அடைத்துவிடுவார் என்பதால் அந்த நாள்களில் தம்பி விடுப்பு எடுத்திருக்கிறான்.