நெற்றியில் வழிந்த பால்

எங்கள் பெண்குதிரை சினைப்பட்ட 341-ஆம் நாள் அதிகாலை 2.10 மணிக்கு ஓர் ஆண்குட்டியை ஈன்றது. குட்டி 1 மணி நேரத்துக்குள் எழுந்து நிற்க வேண்டும், 2 மணி நேரத்துக்குள் பால் குடிக்க வேண்டும், 3 மணி நேரத்துக்குள் தாய்க்கு நஞ்சுக்கொடி முழுதாக விழுந்துவிட வேண்டும் என்றும், இவற்றில் எது தவறினாலும் விடியட்டும் என்று காத்திராமல் கூப்பிட வேண்டும் என்றும் கால்நடை மருத்துவர் முன்பே சொல்லியிருந்ததால், கையில் ஒரு நோட்டுப் புத்தகத்துடன் லாயத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

3.00 மணிக்குக் குட்டி எழுந்து நின்றது. 3.20-க்குத் தாயின் வயிற்றுக்கடியில் தலையை நுழைத்துச் சப்பும் சத்தம் கேட்டதும், "பால் குடித்தது" என்று எழுதிவிட்டேன். நான் செய்த தவறு அதுதான். நஞ்சுக்கொடியும் 4 மணிக்குள் விழுந்துவிட்டதால், அதை ஒரு வாளியில் எடுத்து வைத்துவிட்டு நிம்மதியாக இருந்தேன்.

4.30 மணியளவில் டார்ச் வெளிச்சத்தில் குட்டியின் முகத்தைப் பார்த்தபோது, நெற்றியிலும் மூக்கின் மேற்புறத்திலும் பால் வழிந்து, மயிர் பிசுபிசுவென்று ஒட்டிக் கிடந்தது. தாயின் மடியோ கல்லாக இறுகி, காம்புகளிலிருந்து தானாகவே சொட்டிக்கொண்டிருந்தது. குட்டி மடியை முட்டியதே தவிர, காம்பைப் பிடிக்கவில்லை. உடனே மருத்துவரை அழைத்தேன். சப்பும் வலு இல்லாத குட்டிக்குப் புட்டியில் புகட்டினால் பால் நுரையீரலுக்குள் போய்விடக்கூடும் என்பதால், அவர் வரும்வரை எதையும் கொடுக்க வேண்டாம் என்றார்.

வந்ததும் குட்டியின் வாயில் விரலை வைத்துப் பார்த்தார். பிடி மிகவும் தளர்வாக இருந்தது. தாயிடமிருந்து சீம்பாலைக் கறந்து, மூக்கு வழியாக இரைப்பை வரை செலுத்திய குழாயில் சிறிது சிறிதாக ஊற்றினார். குதிரைகளில் நோய் எதிர்ப்புப் புரதங்கள் நஞ்சுக்கொடியைக் கடந்து கருவுக்குச் செல்வதில்லை. குட்டிக்கு அவை சீம்பால் மூலமே கிடைத்தாக வேண்டும். அவற்றை உறிஞ்சும் குடலின் திறனும் பிறந்த சில மணி நேரத்திலிருந்தே குறையத் தொடங்கி, 24 மணி நேரத்தில் ஏறக்குறைய நின்றுவிடுகிறது. இதைக் கேட்ட பிறகுதான், விடியட்டும் என்று நான் இருந்திருந்தால் எதை இழந்திருப்போம் என்பது புரிந்தது. வாளியில் வைத்திருந்த நஞ்சுக்கொடியைத் தரையில் விரித்து, உள்ளே எந்தத் துண்டும் தங்கவில்லை என்பதையும் அவர் உறுதிசெய்துகொண்டார்.

நண்பகலில் அடுத்த சிக்கல் வந்தது. குட்டி வாலைத் தூக்கி ஆட்டியபடி முதுகை வளைத்து முக்கிக்கொண்டே இருந்தது. கருவிலிருக்கும்போதே குடலில் சேர்ந்த கரிய மலம் அடைத்திருப்பதாகவும், இடுப்பெலும்பு குறுகலாக இருப்பதால் ஆண்குட்டிகளில் இது கூடுதலாக நேர்வதாகவும் மருத்துவர் விளக்கி, எனிமா கொடுத்தார். கரிய உருண்டைகள் வெளிவந்து, அதன்பின் மஞ்சள் நிறத்தில் இளகிய மலம் போனதும் குட்டி அமைதியாகப் படுத்துவிட்டது.

மறுநாள் அதிகாலை எடுத்த ரத்தப் பரிசோதனையில் ஐஜிஜி என்னும் அந்த நோய் எதிர்ப்புப் புரதத்தின் அளவு டெசிலிட்டருக்கு 400 மில்லிகிராமுக்கும் குறைவாக இருந்தது. 800-க்கு மேல் இருந்தால்தான் போதுமானது. குடல் வழியாக ஏற்றும் நேரம் கடந்துவிட்டதால், அந்தப் புரதங்கள் அடங்கிய பிளாஸ்மா (ரத்தத்தின் நீர்ப்பகுதி) ரத்தக்குழாய் வழியாக ஏற்றப்பட்டது. அன்று மாலையே குட்டி காம்பைச் சரியாகப் பிடித்துக் குடிக்கத் தொடங்கிவிட்டாலும், எனக்கு அந்தப் பயம் எளிதில் விலகவில்லை.

அடுத்த நாட்களில் நாளுக்கு இருமுறை உடல் வெப்பத்தை அளந்தேன், 37.2 முதல் 38.9 டிகிரி செல்சியஸ் வரை இயல்பு. தொப்புளை மருத்துவர் தந்த நீர்த்த குளோர்ஹெக்சிடின் என்னும் கிருமிநாசினிக் கரைசலில் நனைத்து, அது வீங்குகிறதா, ஈரம் கசிகிறதா என்று பார்த்துக்கொண்டேன். முக்கியமாக மூட்டுகளைத் தடவிப் பார்க்கும்படி சொல்லியிருந்தார். பிறந்து சில நாட்களே ஆன குட்டி நொண்டினால், தாய் மிதித்திருக்கும் என்று நாமே முடிவுகட்டிவிடுகிறோம். மூட்டில் கிருமித்தொற்று இல்லை என்று உறுதியாகும்வரை அதை அவசரமாகவே கருத வேண்டுமாம்.

9-ஆம் நாள் குட்டிக்கு வயிற்றுப்போக்கு கண்டது. முதல் இரு வாரங்களில் பல குட்டிகளுக்கு இது வந்து தானே நின்றுவிடும் என்று தெரிந்திருந்தும், கைப்பேசியை எடுத்துக்கொண்டுதான் லாயத்துக்குள் போனேன். எண்ணை அழுத்துமுன் தாயின் மடியைத் தொட்டுப் பார்த்தேன். பால் குடிக்கப்பட்டு நன்றாகத் தளர்ந்திருந்தது.